இசைத்தட்டிலும் மூடநம்பிக்கையா?

ஒரு பொருளின் பெருமையை அதன் பருமனைக் கொண்டு அளப்பது ஒரு மூடப்பழக்கம். அதன் பழமையைக் கொண்டு அளப்பது மற்றொரு மூடப்பழக்கம். சமூக விஷயங்களில் இவ்விரண்டையும் எள்ளி நகையாடும் நம் படித்த நண்பர் சிலர், மேனாட்டுச் சங்கீதத்தைக் கேட்க உட்கார்ந்தவுடன் இரண்டையும் மீண்டும் தலைமேல் ஏற்றிக்கொள்கின்றனர். யோசேப் ஹைடன் என்பார் இளமையில் இயற்றிய சிம்பனிகளைப் பற்றி அன்னார் வழங்கும் தீர்ப்புகளே இதற்குச் சான்று.

சிம்பனி என்பது பல வாத்தியக்காரர் கூடி வாசிக்கும் நீண்ட இசைப் படைப்பு. ஹைடன் நூற்றுக்கு மேற்பட்ட சிம்பனிகளை இயற்றினார். “முதலில் வந்தவை வெறும் பயிற்சி வேலை, முதுமையில் லண்டன் நகருக்காக எழுதியவையே சிறந்தவை” என்பது நண்பர்களின் முதல் தீர்ப்பு. லண்டனில் 1795-ஆம் ஆண்டு அவருக்குக் கிடைத்த கோஷ்டியில் ஏறக்குறைய 60 பேர் இருந்தனர். 1761-இல் அவரிடம் இருந்தவர்களோ சுமார் 15 பேர். ஆள் தொகை குறைந்தால் கலையின் தரமும் குறைந்துவிடுமோ?

ஹைடன் யார்? ஆஸ்திரியாவில் ரோராவ் என்னும் சிற்றூரில், வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளிக்கு 1732-இல் பிறந்த மகன். தாயார் பிரபு ஒருவரின் மாளிகையில் சமையல் வேலை பார்த்தவர். எஸ்தர்ஹாசி பிரபுவிடம் அவர் 1761 மே 1-ஆம் நாள் வேலைக்கு அமர்ந்தபோது எழுதப்பெற்ற ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். சீருடையும் வெள்ளைக் காலுறையும் அணிய வேண்டும். நாள்தோறும் முற்பகலிலும் பிற்பகலிலும் பிரபுவின் அறைவாயிலில் நின்று, இன்று சங்கீதம் உண்டா என்று உத்தரவு கேட்க வேண்டும். பிரபுவின் அனுமதியின்றிப் பிறர் எவருக்கும் இசை இயற்றலாகாது. பிரட்டுக்களத்தைக் கண்டவர்களுக்கு இதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அந்தச் சீருடைக்குள் இருந்தபடியே, அவ்வாண்டில் அவர் மூன்று சிம்பனிகளை இயற்றினார். 6, 7, 8 என்று எண்ணிடப்பெற்ற அவற்றிற்குக் காலை, நண்பகல், மாலை என்று பெயர். அவற்றின் புதுமை யாது? கோஷ்டியில் உள்ள ஒவ்வொருவனும் தனித்துப் பேசுகிறான். தலைமை வயலின்காரருக்கு மட்டுமன்று; செல்லோ, புல்லாங்குழல், பாஸூன், கொம்பு ஆகிய அனைத்துக்கும் முறை வருகிறது. எங்கும் அடியில் நின்று பாரம் சுமப்பதையே தொழிலாகக் கொண்ட டபிள் பாஸ் என்னும் பெருவாத்தியத்துக்குக்கூட, மூன்று சிம்பனிகளிலும் தனி இசை தரப்பட்டிருக்கிறது. இதையா பயிற்சி வேலை என்று தள்ளுவது?

இனி இசைத்தட்டுகளை ஆராய்வோம். அந்தால் தொராத்தி நடத்தி, 1969 முதல் 1972 வரை சிம்பனிகள் யாவும் பதிவு செய்யப்பெற்றன. வாசித்தவர்கள், 1956-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஹங்கேரியை விட்டு ஓடிவந்த அகதிகள் தோற்றுவித்த கோஷ்டியினர். அவ்வாசிப்பில் அன்பும் கனிவும் நிறைந்துள்ளன. எனினும் தந்தி வாத்தியங்கள் திரண்டெழும் இடங்களில் பாஸூனின் குரல் ஒதுங்கி நிற்பதைக் காது மறைக்கமாட்டாது.

“அப்படியானால் பழைய வாத்தியங்களே மெய்” என்று மற்றொரு சாரார் துள்ளி எழுவர். கிறிஸ்தபர் ஹாக்வுட் அக்காலத்து முறை வாத்தியங்களைக் கொண்டு, சிறு கோஷ்டியாய்ப் பதிவு செய்தார். ஒவ்வொரு குரலும் தெளிவாய்க் கேட்கிறது. அத்தெளிவுக்காக அதனைப் போற்றுகிறேன், வாத்தியத்தின் வயதுக்காக அன்று. பழமைவாதிகளிடமே ஒற்றுமை உண்டா? ஹாக்வுட் ஹார்ப்சிகார்டு என்னும் தந்திப்பெட்டி வேண்டாம் என்று விலக்கினார். ராய் குட்மன் அதன் முன் அமர்ந்தே கோஷ்டியை நடத்தினார். இருவரும் பழமையையே சாட்சிக்கு அழைத்தனர்! ஒரே சாஸ்திரத்தைக் காட்டி இரு புரோகிதர் வழக்காடுவதைக் கண்ட நமக்கு இது வியப்பாகாது.

இடத்தின் பெருமை பேசுவோரும் உளர். ஆதாம் ஃபிஷர் 1987 முதல் 2001 வரை ஐசன்ஸ்டாட் நகரிலுள்ள எஸ்தர்ஹாசி மாளிகை மண்டபத்திலேயே பதிவு செய்தார். அவர் கோஷ்டியின் வாத்தியங்களோ இக்காலத்தவை. ஆயினும் தனி வாசிப்புகள் உயிர்த்துடிப்போடு ஒலிக்கின்றன. அதற்குக் காரணம் மண்டபத்துக் கல்லும் மரமும் அல்ல. பக்கத்திலிருப்பவன் வாசிக்கும்போது செவி கொடுத்துக் கேட்கும் மனிதர்களே காரணம். ஹைடனின் 300-ஆம் பிறந்த ஆண்டாகிய 2032-க்குள் எல்லாச் சிம்பனிகளையும் முடிக்கும் நோக்கோடு ஜொவான்னி அந்தோனினி 2014-இல் தொடங்கிய வரிசையில் வேகமும் வெட்டும் மிகுதி. சில இடங்களில் அவ்வேகமே முன் நின்று, வாசிப்பவனைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

ஆகவே, இச்சிம்பனிகளின் இசைத்தட்டைச் சோதிக்க ஒரே உரைகல் போதும். கடைசி நாற்காலியில் இருப்பவன் குரல் கேட்கிறதா? கேட்குமாயின் வாத்தியம் புதிதாயினும் பழையதாயினும் அது நல்ல தட்டு. கேளாதாயின், எத்தனை பேர் கூடி முழங்கினும் அது ஹைடனுக்குச் செய்யும் அநீதி. தோழர்களே, உறைமேல் அச்சிட்ட புகழுரையை ஒருபுறம் வைத்துவிட்டு, 6-ஆம் சிம்பனியின் மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். பாஸூனும் டபிள் பாஸும் பேசும் இடம் வரும். அங்கே உங்கள் செவி எதைச் சொல்கிறதோ அதுவே பிரமாணம். மற்றவை எல்லாம் கட்டுக்கதை.