அனாமத்துக் கணக்கு

பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாக ஞாபகம் இருப்பது ஒன்றுதான்: அனாமத்துக் கணக்கு. பணம் வந்திருக்கும், யாருடையது, எதற்கு என்று தெரியாது. தூக்கி அனாமத்தில் போட்டுவிட்டு டீ சாப்பிடப் போகலாம், ஆடிட்டர் வந்து கழுத்தைப் பிடிக்கும் வரை.

மனசிலும் சிலர் இப்படித்தான் கணக்கு வைக்கிறார்கள். உள்ளே என்னவோ வந்து விழுந்திருக்கும். கோபமா, பயமா, துக்கமா? சொல்லத் தெரியாது. தலைபாரம், வயிற்று வலி என்பார்கள். பீட்டர் சிஃப்னியோஸ் என்கிற மனநல மருத்துவர் 1970களில் இதற்கு 'அலெக்ஸிதைமியா' என்று பெயர் வைத்தார். உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்று அர்த்தம்.

என் மாமா இந்த ரகம். மாஞ்சோலையில் பிறந்து, அங்கேயே தேயிலைக்குக் கவாத்து வெட்டியவர். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை அது. குத்தகை முடியுமுன்பே, 2024-ல் தோட்ட வேலை நின்றது. மாமா அம்பாசமுத்திரத்தில் வாடகை வீட்டுக்கு இறங்கி வந்தார்.

"எப்படி இருக்கீங்க மாமா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. நெஞ்சுல வாயுதான்."

இருதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சொல்லே வராதவரிடம் 'மனசு விட்டுப் பேசுங்க' என்றால் எப்படி? அசைவுச் சிகிச்சை அதனால்தான் உடம்பு வழியாகப் போகிறது. 1942-ல் வாஷிங்டன் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் இதைத் தொடங்கியவர் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர். நோயாளி கையை இறுக்கினால் சிகிச்சையாளரும் இறுக்குவார். பிறகு, உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று கேட்பார். பெயர் வைப்பது கடைசியில். நமக்கு இது அந்நியமில்லை; தொல்காப்பியம் உணர்ச்சியை 'மெய்ப்பாடு' என்கிறது. மெய் என்றால் உடம்பு.

"கவாத்து எப்படி மாமா வெட்டுவீங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

எழுந்தார். இடுப்பை வளைத்தார். இல்லாத கத்தியை இல்லாத செடியின் மேல் வீசினார். நானும் பக்கத்தில் நின்று வீசினேன். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இரண்டு பேருக்கும் பேய் பிடித்துவிட்டதென்றே நினைத்தாள். நாலாவது வீச்சில் மாமாவின் கை அப்படியே நின்றது.

"வாயு இல்ல மாப்ள," என்றார். "வருத்தமா இருக்கு."

நான் வைத்தியன் இல்லை; இது முறையாகப் படித்தவர்கள் செய்ய வேண்டிய காரியம். மாமாவின் மலையும் திரும்பி வரப் போவதில்லை. ஆனால் அனாமத்தில் கிடந்த தொகைக்கு அன்று ஒரு பேர் கிடைத்தது.

நேற்று மேனேஜர், "என்னய்யா ஒரு மாதிரி இருக்கே?" என்றார். "ஒண்ணுமில்ல சார்," என்றேன். தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தது. உங்கள் தோள் எங்கே இருக்கிறது, பாருங்கள்.