பந்தை உதைக்காத கால்பந்தாட்டம்

பந்தைக் காலால் தொடாமலேயே கால்பந்து ஆட முடியுமா? முடியும் என்கிறேன் நான். சிரிக்காதீர்கள், தோழியரே! தையலும் தோட்டமும் தபால்தலை சேகரிப்பும் பலருக்குப் பொழுதுபோக்கு. எனக்கோ, கணிப்பொறியில் ஒரு கால்பந்து அணியை நிர்வகிக்கும் விளையாட்டே பொழுதுபோக்கு. அது வீண்பொழுது அன்று என்பது என் கருத்து.

இவ்விளையாட்டில் நாம் ஆட்டக்காரர் அல்லர், அணியின் மேலாளர். களமிறங்கும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பதும், பயிற்சியைத் திட்டமிடுவதும், கையிலுள்ள பணத்துக்குள் புதியவர்களைச் சேர்ப்பதும் நம் பொறுப்பு. பிறகு ஆட்டம் தானே நடக்கும். நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஓரிருவரை மாற்றலாம், அவ்வளவுதான். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் வேகம், பந்தைக் கடத்தும் திறன் முதலியவற்றுக்கு 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு. மன உறுதிக்கும் கூட்டு முயற்சிக்கும்கூட மதிப்பெண் உண்டு! நமது மதிப்பெண் அட்டையில் இல்லாத பாடங்கள் அவை. முக்கியமான ஆட்டத்தில் பதறுவாரா, அடிக்கடி காயம்படுவாரா என்பன போன்ற சில குணங்கள் மறைத்தே வைக்கப்பட்டிருக்கும். ஒருவரைப் பொறுமையாகக் கவனித்தால்தான் அவை புலப்படும்.

1982-ஆம் ஆண்டிலேயே கெவின் டாம்ஸ் என்னும் ஆங்கிலேயர் இத்தகைய விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். பின்னர் பால் காலியர், ஆலிவர் காலியர் என்னும் சகோதரர் இருவர் தம் வீட்டிலேயே உருவாக்கிய ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ 1992-இல் வெளிவந்தது. அவர்களுடைய நிறுவனத்தின் விளையாட்டு 2004 முதல் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்னும் பெயரில் வருகிறது. பல நாடுகளிலும் ஆட்டங்களைக் கூர்ந்து பார்ப்பவர்கள் அனுப்பும் குறிப்புகளைக் கொண்டே ஆட்டக்காரர்களின் மதிப்பெண்கள் அமைகின்றன. இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகம் புதிய ஆட்டக்காரர்களைத் தேடுவதற்கு இந்த விவரத் தொகுப்பைப் பயன்படுத்திக்கொள்ள 2008-இல் ஒப்பந்தமே செய்தது என்றால் பாருங்களேன்!

ஆயினும் எங்கள் வீட்டில் இதற்கு எதிர்ப்பு உண்டு. அம்மாவுக்குப் பொதுத்தேர்வுக் கவலை. தாத்தாவின் எதிர்ப்போ வேறு வகை. அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். இளமையில் மாலைதோறும் பந்தாடியவர். “விளையாட்டு என்றால் சட்டை நனைய வேண்டும், அம்மா. நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவது என்ன ஆட்டம்?” என்பார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் எனக்கு நேர்ந்ததைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் நான் கால்பந்து அணியில் இருந்தேன். குறுவட்டப் போட்டியன்று மாற்று ஆட்டக்காரியாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கடைசி விசில் ஊதும்வரை என்னை அழைக்கவே இல்லை. மன்னார்புரம் வந்து சேரும்வரை பேருந்தில் யாரோடும் பேசவில்லை. எங்கள் விளையாட்டு ஆசிரியை மீது எனக்குத் தீராத கோபம். ‘அவருக்கு என்னைப் பிடிக்காது’ என்று முடிவே செய்துவிட்டேன்.

அந்த விடுமுறையில் அண்ணனின் கணிப்பொறியில் என் அணியை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி வந்தது. இளம் ஆட்டக்காரர் ஒருவர், தமக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்று மேலாளராகிய என்னிடம் முறையிட்டிருந்தார். எனக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை; நல்ல பையன்தான். ஆனால் இருபத்தைந்து பேரில் பதினொருவரைத்தானே இறக்க முடியும்? அவரைவிட நன்றாக ஆடுபவர் ஒருவர் அதே இடத்தில் இருந்தார். பதில் எழுத யோசித்தபோது சட்டென்று எங்கள் ஆசிரியையின் முகம் நினைவுக்கு வந்தது. அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்!

பள்ளி திறந்ததும் அவரிடம் சென்று, “மிஸ், நான் எதில் பின்தங்கியிருக்கிறேன்?” என்று கேட்டேன். “உன் இடது கால் சும்மா இருக்கிறது, கடைசிப் பத்து நிமிடம் உன்னால் ஓட முடியவில்லை” என்றார். இவ்வளவுதானா! ஓராண்டாக நான் வளர்த்த கோபத்துக்கு இரண்டே வரிகளில் பதில். அன்றிலிருந்து காலையில் ஓடினேன். சுவரில் இடது காலால் பந்தை அடித்துப் பழகினேன். இவ்வாண்டு குறுவட்டப் போட்டியில் கடைசி இருபது நிமிடங்கள் ஆடினேன். நாங்கள் 2-1 என்று தோற்றோம். பார்க்க வந்திருந்த தாத்தா, என் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“இது ஆண் பிள்ளைகளின் விளையாட்டு” என்பவர்களுக்கும் ஒரு சொல். சரீனா வீக்மன் என்னும் பெண்மணியின் பயிற்சியில் இங்கிலாந்து மகளிர் அணி 2022, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. மேமோல் ராக்கி பயிற்சியளித்த இந்திய மகளிர் அணி 2019-இல் தெற்காசிய வாகையர் பட்டம் பெற்றது. அதே 2019-இல் நம் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். காவல்துறை உதவி ஆய்வாளரும் ஆவார். இத்தனைக்குப் பிறகும் ‘ஃபுட்பால் மேனேஜர்’ விளையாட்டில் மகளிர் அணிகள் முதன்முதலாக இடம்பெற்றது 2025 நவம்பரில் வெளிவந்த பதிப்பில்தான். 1992-இலிருந்து கணக்கிட்டால் முப்பத்து மூன்று ஆண்டுகள்! அண்ணனின் பழைய கணிப்பொறியில் அப்பதிப்பு ஓடாது என்பது என் வருத்தம்.

ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ‘இன்னும் ஓர் ஆட்டம், இன்னும் ஓர் ஆட்டம்’ என்று இழுக்கும் குணம் இதற்கு உண்டு. ஒருமுறை அப்படி இழுபட்டுக் கணக்குத் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுத விரும்பவில்லை. இப்போது ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் மட்டுமே. கடிகாரம் அம்மா கையில். மேலும், திரையில் கோப்பை வென்றவரெல்லாம் பயிற்சியாளர் ஆகிவிட முடியாது. சிறுவயதில் இதை விரும்பி ஆடிய வில் ஸ்டில், முப்பது வயதில் பிரான்சின் ரெய்ம்ஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். ஆனால் அதற்கு முன் அவர் ஆட்டப் பதிவுகளை ஆராய்பவராகவும் உதவிப் பயிற்சியாளராகவும் ஆண்டுக்கணக்கில் உழைத்திருந்தார். அப்போதும் அவரிடம் உயர்நிலை உரிமம் இல்லாததால் கழகம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அபராதம் கட்ட நேர்ந்தது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை என்ன ஆடுகிறாள் என்று ஒருமுறை அருகில் அமர்ந்து பாருங்கள். பிறகு தடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யுங்கள். தோழியரே, நேரத்தை அளந்து ஆடுங்கள். ஆடி முடித்ததும் திடலுக்கும் வாருங்கள். வெளியே உட்கார்ந்திருப்பவளின் மனத்தையும், அவளை உட்கார வைத்தவரின் மனத்தையும் ஒருசேர அறியக் கற்றுத்தந்த பொழுதுபோக்கை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.