காலிக் கட்டமும் இல்லாத பெயரும்

விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. மலைப்பாதையின் வளைவுகளை ஏறி, கம்பம்மெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். களையெடுக்கவும் காய் எடுக்கவும் ஏலத் தோட்டங்களுக்குப் போகும் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அங்கே எல்லாமே ஒரு நோட்டுதான். கங்காணி அதில் பெயர் போட்டால் வாரக் கடைசியில் கூலி, போடாவிட்டால் தகராறு.

அப்படி ஒரு நோட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். மாரியம்மாள் என்ற பெயருக்கு நேரே வியாழக்கிழமைக் கட்டம் காலி. கங்காணி எழுத மறந்திருக்கலாம், கேட்டால் தெரிந்துவிடும். கட்டத்தில் கோடு இழுத்திருந்தால் விஷயம் வேறு. அவர் வரவில்லை என்று தெரிந்தே போட்ட கோடு அது. மூன்றாவதாக, நோட்டில் அந்தப் பெயரே இல்லாமலும் இருக்கலாம். அப்போது கட்டம் காலியா என்ற கேள்விக்கே இடமில்லை. பக்கத்தில் புட்டடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்திலும் இதே கதைதான். கேட்பாரில்லாமல் திரும்பிய லாட்டும், ஏலத்துக்கே வராத லாட்டும் வியாபாரிக்கு ஒன்றல்ல.

மலையில் எல்லோருக்கும் புரிகிற இந்த வித்தியாசம், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களைப் பல வருடங்களாகத் தடுக்கி விழ வைத்துக்கொண்டிருக்கிறது. முக்கியக் குற்றவாளி ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 1995 மே மாதம் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கிய மொழி. இன்று வெப் பக்கங்களை ஆட்டி வைப்பது அதுதான். புரோகிராமில் மதிப்புகளைப் போட்டு வைக்கும் பெயர்களை வேரியபிள் என்பார்கள். பெயரை அறிவித்துவிட்டு மதிப்பு எதுவும் தராமல் விட்டால் அதன் மதிப்பு ‘அன்டிஃபைன்ட்’. அறிவிக்கவே அறிவிக்காத பெயரைக் கேட்டாலோ, ‘நாட் டிஃபைன்ட்’ என்று திட்டிவிட்டு வேலை அப்படியே நின்றுவிடும். முதலாவது காலிக் கட்டம், இரண்டாவது இல்லாத பெயர். இரண்டுக்கும் இத்தனை ஒட்டிய சொற்களைத் தேர்ந்தெடுத்த புண்ணியத்தில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் முதல் வாரமே குழம்பிப்போகிறார்கள். போதாக்குறைக்கு கங்காணியின் கோடும் தனியே உண்டு. அதன் பெயர் ‘நல்’. தமிழில் எவ்வளவு நல்ல சொல்!

கோட்டுக்கும் காலிக் கட்டத்துக்கும் உள்ள வேறுபாடு கூட்டல் கணக்கில் பல்லைக் காட்டும். ஐந்து நாள் வேலையோடு ‘நல்’லைக் கூட்டினால் விடை 5. கோட்டைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது மொழி. அதே ஐந்தோடு ‘அன்டிஃபைன்ட்’டைக் கூட்டினால் ‘எண் அல்ல’ என்று விடை வரும். அதற்குப் பிறகு அதோடு எதைக் கூட்டினாலும் எண் அல்லதான். எழுத மறந்த ஒரு கட்டம், வாரக் கூலி முழுவதையும் தின்றுவிடுகிறது.

இதைவிட மோசம் எழுத்துப் பிழை. மலையாளத்தில் கணக்கு எழுதுகிறவர் மாரியம்மாளை மாரியம்மா என்று எழுதிவிடுவதாக வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு பெயர் இல்லையே என்று நோட்டு சொல்லாது. கடைசி வரியில் புதிதாக ஒருவர் முளைப்பார். பழைய ஜாவாஸ்கிரிப்டும் அப்படித்தான். இல்லாத பெயரிலிருந்து படிக்கப் போனால் திட்டும் மொழி, அதே பெயருக்கு மதிப்பு கொடுத்தால் சத்தமில்லாமல் அந்தப் பெயரைப் பிறப்பித்துவிடும். சனிக்கிழமை பார்த்தால் மாரியம்மாளின் வரி காலி, பிறக்காத மாரியம்மாவுக்கு ஆறு நாள் கூலி. இதைத் தடுக்கும் ‘கண்டிப்பு முறை’ 2009இல்தான் மொழிக்கு வந்தது. அதுவும் கேட்டு வாங்கினால்தான். பழைய பக்கங்கள் உடைந்துவிடக் கூடாதே.

பெர்ல் மொழிக்காரர்கள் இந்த விஷயத்தில் தெளிவு. பட்டியலில் இப்படி ஒரு பெயர் உண்டா என்று கேட்க ஒரு சொல், அதற்கு மதிப்பு உண்டா என்று கேட்க வேறு சொல். பிஹெச்பி மொழியிலோ எல்லோரும் பழக்கத்தில் பயன்படுத்தும் ‘இஸ்செட்’ என்ற கேள்விக்குப் பெயர் இல்லாதபோதும் ‘இல்லை’, பெயருக்கு நேரே ‘நல்’ இருந்தாலும் ‘இல்லை’. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேறு வசதி உண்டு. ஆனால் அவசரத்தில் யார் தேடுகிறார்கள்?

அவசரத்தின் பலனை அனுபவிப்பவர் பெரும்பாலும் புரோகிராம் எழுதியவர் அல்ல. கலிஃபோர்னியாவில் ஒருவர் தன் காருக்கு வேடிக்கையாக ‘நல்’ என்றே நம்பர் பிளேட் வாங்கினார். நம்பர் குறிக்கப்படாத அபராதச் சீட்டுகளெல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. தொகை 12,000 டாலருக்கு மேல் போன கதையை அவரே 2019இல் லாஸ் வேகாஸில் நடந்த கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாநாட்டில் சொன்னார். கைதட்டல் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி மேடை கிடைப்பதில்லை.

டேட்டாபேஸ்களின் பிதாமகர் எட்கர் காட் இதை முன்பே யோசித்தவர். ‘மதிப்பு உண்டு, ஆனால் தெரியவில்லை’, ‘மதிப்பு இருக்கவே முடியாது’ இரண்டுக்கும் தனித்தனி அடையாளம் வேண்டும் என்று 1990இல் வெளிவந்த தன் புத்தகத்தில் வாதாடினார். கேட்பாரில்லை, ஒரே ‘நல்’ நிலைத்துவிட்டது.

கையைச் சுட்டுக்கொள்வதில் தமிழர்களுக்கும் பங்குண்டு. கங்காணி நோட்டுக்கு மாரியம்மாள் என்ற பெயர் போதும். விமான நிலையத்துக்குப் போதாது. இனிஷியலோடு வாழும் சமூகத்தில் குடும்பப் பெயர் என்பது தெரியாத ஒன்றல்ல, பலருக்கு இல்லாத ஒன்று. விண்ணப்பப் படிவத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கட்டத்தை நிரப்பு என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அனுமதிக்காது என்று விமான நிறுவனங்கள் அறிவித்தபோது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பலர் பதறினார்கள். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

அமெரிக்க விசாவில் வேறு கூத்து. பாஸ்போர்ட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்தால், விசாவில் முதல் பெயருக்கு நேரே எஃப்.என்.யு. என்று அச்சாகிறது. ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம். அங்கே போய் இறங்கியதும் அந்த மூன்றெழுத்தே டிரைவிங் லைசன்ஸிலும் ஏறிவிடுவதுண்டு. ஆபீசில் அவரை அப்படியே கூப்பிடவும் செய்கிறார்கள்: ‘குட் மார்னிங், ஃப்னு.’