எலிக்குக் குணமானால் போதுமா?

சுண்டெலியின் முதுகில் முடியை மழித்துவிட்டு, அதே இடத்தில் பிளியோமைசின் மருந்தைத் தினமும் ஊசியால் செலுத்துகிறார்கள். மூன்று, நான்கு வாரங்களில் அந்த இடம் தடித்து இறுகிவிடுகிறது. அந்தத் தோலை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அடியில் கொழுப்பு இருந்த இடத்தையும் கொலாஜன் நார்கள் அடைத்துக்கொண்டிருக்கும். பிளியோமைசின் ஒரு புற்றுநோய் மருந்து. நுரையீரலையும் தோலையும் இறுக வைப்பது அதன் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவையே ஆய்வுக் கருவியாக்கும் முறையை ஜப்பானில் யமமோட்டோ குழுவினர் 1999இல் விவரித்தார்கள். ஸ்க்ளீரோடெர்மா எனப்படும் தோல் இறுக்க நோய்க்கு மருந்து தேடும் ஆய்வகங்கள் இன்றும் இதைப் பரவலாகப் பயன்படுத்துகின்றன.

இந்த நோய் பலருக்கும் குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாரிப்பதில் தொடங்குகிறது. பிறகு விரல்கள் மடங்க மறுக்கும், வாயை அகலத் திறக்க முடியாது, சிலருக்கு நுரையீரலும் இறுகும். மருத்துவர் உடலில் 17 இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து, இடத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார். மொத்தம் 51. அந்த எண்ணைக் குறைப்பதுதான் தோலுக்கான மருந்தின் இலக்கு.

எலிகளில் அந்த இலக்கை எட்டிய மருந்துகள் ஏராளம். இமாட்டினிப் எலியின் தோல் இறுகுவதைத் தடுத்ததாக 2007இல் ஆய்வு வந்தது. ஏற்கெனவே இறுகிய தோலையும் அது இளக்கியதாக 2009இல் இன்னொன்று வந்தது. ஆனால், போலி மருந்தோடு ஒப்பிட்டு மனிதர்களிடம் நடத்தி 2012இல் வெளியான சோதனையில் தோலுக்குப் பலன் தெரியவில்லை. ரியோசிகுவாட்டின் கதையும் இதேதான். நின்டெடானிப் எலியின் தோலில் நன்றாக வேலை செய்தது. 2019இல் 576 நோயாளிகளைக் கொண்ட சோதனையில் அது நுரையீரல் சரிவின் வேகத்தைக் குறைத்தது, தோலின் மதிப்பெண்ணை மாற்றவில்லை.

ஏன் இப்படி?

எலியின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைப்படலம் இருக்கிறது. காயம் பட்டால் அது சுருங்கி இழுத்து மூடிவிடும். மனிதத் தோல் பெரும்பாலும் புதுத் திசு வளர்ந்துதான் ஆறுகிறது. எலியின் நோய் சில வாரங்களில் ஊசியால் வரவழைக்கப்பட்டது. மனிதருக்கோ அது ரத்தக்குழாய்களில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. இதைவிடப் பெரிய கோளாறு ஆய்வின் அமைப்பில் இருக்கிறது. பிளியோமைசின் ஊசி தொடங்கும் நாளிலேயே சோதனை மருந்தையும் கொடுத்துவிடும் ஆய்வுகள் நிறைய. அது வருமுன் காக்கும் சோதனை. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது தோல் ஏற்கெனவே இறுகியிருக்கிறது.

அதற்காக எலியை ஒதுக்கிவிட முடியாது. கொலாஜனைப் பெருக்கும் சமிக்ஞைகளைப் பற்றி அறிந்தவற்றில் கணிசமான பகுதி அதனிடமிருந்து கிடைத்ததே. ஒரே எலியின் சொல்லை நம்பி மனிதரிடம் தாவுவதுதான் தவறு. தோல் இறுகிய பிறகு மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிளியோமைசின் எலியில் அழற்சிதான் முன்னே வருகிறது. பிறவியிலேயே தோல் இறுகிய டி.எஸ்.கே. எலியில் அப்படி இல்லை. இரண்டிலும் மருந்து தேற வேண்டும். அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் மனிதத் தோலை ஆய்வகத்தில் சில நாட்கள் உயிருடன் வைத்துச் சோதிக்கும் முறையும் இருக்கிறது. அதில் தேறாத மருந்தை நோயாளியிடம் கொண்டுபோக அவசரப்படக் கூடாது. எலியில் தோற்ற முடிவுகளையும் மறைக்காமல் வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆய்வகம் அதே எலிகளை மறுபடியும் வீணாகப் பலிகொடுக்கும்.

பத்திரிகைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எலியில் கிடைத்த முடிவு என்றால் தலைப்பிலேயே அதைச் சொல்ல வேண்டும். விரலை மடக்க முடியாமல் காத்திருப்பவருக்குப் பொய் நம்பிக்கை தருவது கொடுமை. அப்படிச் செய்தி வந்தால் வாசகர்களும் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: மருந்தைக் கொடுத்தது தோல் இறுகும் முன்பா, பின்பா? மனிதத் தோலில் சோதித்தார்களா? விடை கிடைக்கும்வரை, மருத்துவரைக் கேட்காமல் இப்போது எடுத்துவரும் மருந்தை யாரும் நிறுத்த வேண்டாம்.