ஆழத்தில் இல்லை விடை

பனிப்பாறை உருகுதல், கடல்மட்டம் உயர்தல், ஓசோன் படலம் சிதைதல் என உலகச் சுற்றுச்சூழல் சிக்கல்கள் எடுத்துரைக்கப்படும்போது, அவை எங்கோ தொலைவில் நிகழ்வனவாகவே தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்று, தமிழ்நாட்டு உழவரின் தோட்டத்தில் இறக்கப்படும் இரும்புக் குழாயிலிருந்தும் தொடங்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத நிலத்தடி நீரின் இழப்பே அது. அவ்விழப்பின் காரணங்களையும் அதற்குரிய தீர்வுகளையும் கொங்கு மண்ணின் வழியாக ஆராய்கிறது இக்கட்டுரை.

ஊர்ப்பெயரில் ஒரு கடல்

நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோடு வட்டத்தில் அமைந்த பேரூர் மல்லசமுத்திரம். பருத்தி ஏலத்தால் சுற்றுவட்டார உழவர்கள் நன்கறிந்த ஊர். பரந்த ஏரிகளைக் கடலாக எண்ணிச் 'சமுத்திரம்' என்று பெயரிட்டு, அவற்றைச் சார்ந்த ஊர்களையும் அப்பெயராலேயே அழைப்பது முன்னோர் வழக்கம். ஆயினும், இவ்வூரைச் சூழ்ந்த சமவெளி நீர்வளம் மிக்கதன்று. காவிரி மாவட்டத்தின் எல்லையில் ஓடினாலும், அதன் கால்வாய்கள் இம்மேட்டு நிலங்களை எட்டுவதில்லை. மழையும் கிணறுமே இங்குள்ள வேளாண்மையின் இரு கண்கள்.

பாறையை உடைத்து ஐம்பது, அறுபது அடி ஆழத்திற்குக் கிணறு வெட்டி, எருதுகளைப் பூட்டிக் கவலையால் நீர் இறைத்த காலம் ஒன்றிருந்தது. எருதுகள் களைத்தால் இறைப்பு நிற்கும். கிணறு மீண்டும் ஊறும். பின்னர் எண்ணெய்ப்பொறியும் மின்மோட்டாரும் வந்தன. அவற்றிற்குக் களைப்பில்லை. கிணறுகள் வற்றத் தொடங்கியபோது ஆழ்துளைக் கிணறுகள் தோன்றின. 'ரிக்' என மக்கள் வழங்கும் துளையிடும் வண்டிகளின் தொழிலில் திருச்செங்கோடு இந்திய அளவில் முதன்மை பெற்றது. அவ்வட்டாரத்து வண்டிகள் வட மாநிலங்கள் வரை சென்று துளையிடுகின்றன. வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்கு அத்தொழில் வாழ்வளித்தது. குடிநீரின்றித் தவித்த எத்தனையோ சிற்றூர்களின் தாகத்தையும் அது தீர்த்தது. இதனை மறுத்துவிட்டு நிலத்தடி நீர் குறித்துப் பேசுதல் நேர்மையாகாது.

பாறைக்குள் நீர்

நிலத்திற்கடியில் ஆறுகள் ஓடுகின்றன என்பது பரவலான நம்பிக்கை. தமிழ்நாட்டின் உட்பகுதிகளில் பெரும்பாலும் கடினப் பாறைகளே அடித்தளமாக உள்ளன. அங்கே நீர் இரண்டு இடங்களில் தங்குகிறது. மேற்பரப்பை அடுத்துச் சிதைந்து நொறுங்கிய பாறை அடுக்கு ஒன்று. அதற்குக் கீழே உறுதியான பாறையிலுள்ள வெடிப்புகள் மற்றொன்று. மேலடுக்கு, நீரை உறிஞ்சி வைக்கும் பஞ்சு போன்றது. கீழுள்ள வெடிப்புகளோ மிகக் குறைந்த நீரையே கொள்ளும் இடுக்குகள். பொதுவாக, ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் குறைகின்றன; மழைநீர் அவற்றை அடைய நெடுங்காலமாகிறது.

ஆகவே ஆயிரம் அடிக்குத் துளையிடுதல், புதியதொரு நீர்நிலையைக் கண்டடைவதாகப் பெரும்பாலும் அமைவதில்லை. மிச்சமிருப்பதைத் தேடிச் செல்வதாகவே முடிகிறது. பாறையோடு நெடுங்காலம் தொடர்புற்ற நீரில் ஃபுளோரைடு போன்ற தாதுக்கள் மிகவும் வாய்ப்புண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டதனாலேயே, காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது.

பங்காளிகளின் போட்டி

நிலத்திற்கு வரப்பு உண்டு. நிலத்தடி நீருக்கு வரப்பு இல்லை. ஒருவர் முந்நூறு அடிக்குத் துளையிட்டால் அடுத்த தோட்டத்துக் கிணறு வற்றுகிறது. அவர் ஐந்நூறு அடிக்குச் செல்கிறார். மூன்றாமவர் கடன் பெற்று எண்ணூறு அடிக்குச் செல்கிறார். ஒவ்வொருவரின் முடிவும் தனித்துப் பார்த்தால் நியாயமானதே. காயும் பயிரைக் கண்டு கைகட்டி நிற்க எந்த உழவராலும் இயலாது. அம்முடிவுகள் ஒன்றுசேரும்போதோ அனைவரும் தோற்கின்றனர். இப்போட்டியில் முதலில் வீழ்பவர், மீண்டும் ஒருமுறை துளையிடப் பணமில்லாத சிறு உழவரே. நீர்ப் பற்றாக்குறை இவ்வாறு சமத்துவமின்மையாகவும் உருவெடுக்கிறது.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்வளம் சிறு பகுதிகளாகப் பிரித்து மதிப்பிடப்படுகிறது. அண்மைய ஆண்டுகளின் மதிப்பீடுகளில், அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஊறுவதைவிட மிகுதியாக நீர் எடுக்கப்படும் பகுதிகள் எனக் கண்டறியப்பட்டுள்ளது.

புவியின் அச்சு வரை

நிலத்தடி நீரை உலகிலேயே மிகுதியாகப் பயன்படுத்தும் நாடு இந்தியா. 2002ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்ட 'கிரேஸ்' என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்கள், புவியீர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு நீரின் எடையைக் கணித்தன. ராஜஸ்தான், பஞ்சாப், அரியானா, தில்லி ஆகிய பகுதிகள் 2002 முதல் 2008 வரையிலான ஆறு ஆண்டுகளில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தன என 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு நீர் அது.

நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் நீர், ஆவியாகியும் ஆறுகளின் வழியாகவும் இறுதியில் பெரும்பாலும் கடலையே சேர்கிறது. 1993 முதல் 2010 வரை உலகெங்கும் இழக்கப்பட்ட நிலத்தடி நீர் 2,15,000 கோடி டன் என்னும் மதிப்பீட்டை, தென்கொரிய அறிஞர்கள் தலைமையிலான ஆய்வொன்று 2023இல் சோதித்தது. அந்நீர் கடல்மட்டத்தை ஆறு மில்லிமீட்டருக்குமேல் உயர்த்தியதோடு, புவியின் சுழல் முனையையே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நகர்த்தியது என அவ்வாய்வு கூறியது. தோட்டத்து மோட்டாருக்கும் புவியின் அச்சுக்கும் தொடர்புண்டு என்பது கற்பனையன்று, கணக்கு.

பாதித் தீர்வுகள்

இச்சிக்கலுக்குக் கூறப்படும் தீர்வுகள் பல. தடுப்பணை கட்டுதல், ஏரிகளைத் தூர்வாருதல், மழைநீரைச் சேமித்தல் ஆகியன முதன்மையானவை. 2003இல் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு முன்னோடியாயிற்று. ஆயினும், வரவை மட்டும் பெருக்கிச் செலவைக் கவனியாத வீடு செழிப்பதில்லை. ஏரி நிறைந்து கிணறுகள் ஊறிய ஆண்டிலேயே கரும்பும் வாழையும் பெருகினால், அடுத்த கோடையில் பழைய வறட்சியே திரும்பும்.

சொட்டுநீர்ப் பாசனம் மற்றொரு தீர்வு. சிறு, குறு உழவர்களுக்கு இதற்கென முழு மானியம் வழங்கப்படுகிறது. அது வரவேற்கத்தக்கது. எனினும், மிச்சமான நீரைக் கொண்டு மேலும் இரண்டு ஏக்கர் பயிரிட்டால், நிலத்தடியில் சேமிப்பு ஏதும் இராது. கருவி நீரைச் சிக்கனப்படுத்தும். எவ்வளவு போதும் என்பதை மனிதரே முடிவு செய்யவேண்டும்.

சட்டம் மூன்றாவது வழி. நிலத்தடி நீரை நெறிப்படுத்தத் தமிழ்நாட்டில் 2003இல் இயற்றப்பட்ட சட்டம், நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. இலட்சக்கணக்கான தோட்டங்களில் தனித்தனியே இயங்கும் மோட்டார்களை அலுவலர்கள் மட்டும் கண்காணித்தல் அரிது என்பதை எவரும் உணர்வர்.

இவை மூன்றும் தேவையானவை, ஆயினும் போதாதவை. இவற்றிற்கு உயிரூட்டும் நான்காவது ஒன்று வேண்டும். நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை அதனைப் பயன்படுத்துவோரே கூடி அளத்தலும், அவ்வளவிற்குள் வாழ ஒத்துக்கொள்ளுதலுமே அது.

அளந்தவர்கள் வென்றார்கள்

பொதுவளத்தை மக்கள் சுயநலத்தால் அழித்தே தீர்வர் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். அக்கருத்து உலகெங்கும் ஏற்கப்பட்டிருந்த காலத்தில் அதனை மறுத்துக்காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரம். பொருளியலுக்கான நோபல் பரிசை 2009இல் பெற்ற அவர், அப்பரிசை வென்ற முதல் பெண்மணி. அவருடைய முனைவர் பட்ட ஆய்வே நிலத்தடி நீரைப் பற்றியதுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே மிகுதியாக நீர் இறைக்கப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்தபோது, அங்கு நீர் இறைத்தவர்கள் ஒன்றுகூடித் தமக்குத்தாமே வரம்பு வகுத்துக்கொண்ட வரலாற்றை அவர் ஆராய்ந்தார்.

இந்தியாவிலும் சான்றுகள் உண்டு. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் வறண்ட ஏழு மாவட்டங்களில், ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் துணையோடு ஒரு திட்டம் நடைபெற்றது. உழவர்கள் தாமே மழையளவையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் குறித்தனர். பருவத் தொடக்கத்தில் ஊர் கூடி, இருக்கும் நீரையும் பயிருக்கு வேண்டிய நீரையும் கணக்கிட்டனர். எவரும் எவருக்கும் ஆணையிடவில்லை. கணக்கு கண்முன் நின்றதும், பலர் நெல்லைக் குறைத்துக் குறைந்த நீரில் விளையும் பயிர்களுக்குத் தாமே மாறினர். மகாராட்டிரத்தின் இவ்ரே பசார் என்னும் சிற்றூர் மேலும் ஒருபடி சென்றது. அங்கே பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று ஊரே முடிவெடுத்தது. மழை குறைந்த ஆண்டில் எதைப் பயிரிடலாம் என்பதை நீர்க்கணக்கே தீர்மானிக்கிறது.

உலக அளவிலும் இதே உண்மை மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. அண்டார்டிகாவின் மேல் ஓசோன் படலம் மெலிந்ததை 1985இல் அறிஞர்கள் அளந்து அறிவித்தனர். இரண்டே ஆண்டுகளில், 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. பொதுவான அளவீடு, அனைவருக்கும் வரம்பு, ஏழை நாடுகள் மாறுவதற்குக் கூடுதல் காலமும் நிதியும் என்னும் மூன்று தூண்களின்மேல் அது நின்றது. இன்று ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. ஊருக்குப் பொருந்தும் நெறி உலகுக்கும் பொருந்தும் என்பதற்கு இது சான்று.

மல்லசமுத்திரம் காட்டக்கூடிய வழி

இந்நெறியை மல்லசமுத்திரம் போன்ற ஊர்கள் மேற்கொள்ள மூன்று வாய்ப்புகள் உள்ளன. முதலாவது, அவ்வட்டாரத்தின் தனிச்செல்வமாகிய துளையிடும் அறிவு. எத்தனை அடியில் என்ன பாறை, எவ்விடத்தில் நீர் கிடைத்தது, எங்கே வெறும் புழுதி பறந்தது என்பதெல்லாம் ரிக் தொழிலாளர்கள் நேரில் கண்டவை. அவ்வறிவு அவர்களோடேயே நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், துளையிடுவோர் ஒவ்வொரு கிணற்றைப் பற்றியும் அரசுக்கு அறிக்கை அளித்தல் கட்டாயம். 2015 முதல் அவ்வறிக்கைகளைப் பொதுமக்களும் காணலாம். அவ்வாறே இங்கும் பதிவுசெய்யப்பட்டால், நிலத்தடி நீரின் வரைபடம் ஒன்று ஊருக்குக் கிடைக்கும். நீரைத் தேடித் துளைத்தவர்களே நீரைக் காப்பதற்கும் வழிகாட்டிகளாவர்.

இரண்டாவது, ஊரறியும் நீர்க்கணக்கு. மழையளவையும் சில கிணறுகளின் நீர்மட்டத்தையும் வாரந்தோறும் குறித்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மேல்நிலைப் பள்ளி மாணவர்களால் அதனைச் செவ்வனே செய்யமுடியும். உழவர்க்கு வழங்கப்பட்டுவரும் கட்டணமில்லா மின்சாரம் ஓர் உரிமை, அதனைப் பறிக்கவேண்டியதில்லை. குறைந்த நீரில் விளையும் சிறுதானியம், நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றிற்கு உறுதியான விலை கிடைக்குமாயின், நீர்க்கணக்கைப் பின்பற்றுவோர் இழப்படையார். அவ்விலையை உறுதிசெய்தல் அரசின் கடமை.

மூன்றாவது, ஊறும் நீரின் தூய்மை. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு, சேலம் மாநகரின் கழிவுகளைச் சுமந்தே நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் கழிவைத் தேக்கி நிலத்தடி நீரைப் பெருக்குவது, நஞ்சைச் சேமிப்பதற்கு ஒப்பாகும். மேலூரின் சாக்கடை கீழூரின் கிணறாகிறது என்பதை நகரங்கள் உணர்ந்தாலன்றி, சிற்றூர்களின் முயற்சி முழுமையடையாது.

நிலத்தடி நீர் வங்கியில் இட்ட வைப்புநிதியைப் போன்றது என்பர். அவ்வுவமை முழுதும் பொருந்தாது. வைப்புநிதிக்கு ஓர் உரிமையாளர் உண்டு. நிலத்தடி நீருக்கோ இன்று வாழ்வோரும் இனிப் பிறப்போரும் கூட்டு உரிமையாளர்கள். பின்னவருக்கு ஊர்க்கூட்டத்தில் இருக்கையில்லை. துளையிடும் இடத்தில் தடுத்துரைக்கவும் வழியில்லை. அவர்களின் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் ஊரே, வறட்சியிலும் வற்றாத ஊராக நிலைக்கும்.