பெட்டியில் அள்ளிச் சென்ற மருந்துகள் பற்றி

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் ஐயா அவர்களுக்கு,

பெண்கள் விடுதியில் சோதனை போட்டு, அமுக்கரா மாத்திரை, வல்லாரைப் பொடி, முடி கொட்டாமலிருக்கத் தடவும் எண்ணெய் என்று எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள்; வைத்திருந்த எங்கள் பெயர்களை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார்கள். "படிச்ச பொண்ணுங்க இதையெல்லாமா நம்புவீங்க?" என்று வார்டன் அம்மா கேட்டார். ஏன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நம் மருத்துவ அறைக்கு டாக்டர் வருவது லேப் நடக்கும் நேரத்தில். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று சொல்லப்போன ஒருத்தியிடம், வரிசையில் நின்ற பையன்கள் காதிலும் விழும்படி, "கல்யாணமானா சரியாயிடும்" என்றார். அவள் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. சீனியர் அக்கா ஒருவர்தான் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு, மலைவேம்புச் சாறு குடிக்கச் சொன்னார். குடித்தாள். தேர்வு பயத்தில் தூக்கம் போனவர்கள் ஆலோசகரிடம் போவதில்லை. அங்கே சொன்னது அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுகிறது. அமுக்கரா யாருக்கும் போன் போடாது.

மூலிகை என்றால் கெடுதலே இல்லை என்று நான் வாதாடவில்லை. என் அறைத்தோழி தைராய்டு மாத்திரையோடு அமுக்கராவும் சாப்பிடுகிறாள். அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும், சிலருக்குக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது; முறையாகப் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் லீவு போட்டுப் போய்வந்தால், சித்த மருத்துவர் சீட்டு வருகைப்பதிவுக்குச் செல்லாது என்கிறது நம் அலுவலகம். அதனால்தான் போனில் ஆர்டர் போடுகிறோம்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. நம் கலைவிழா மேடையில், நீங்கள் குத்துவிளக்கு ஏற்றிய இடத்துக்குப் பின்னால், எடை குறைக்கும் மூலிகைப் பொடியின் பேனர் தொங்கியது. அவர்களிடம் பணம் வாங்கியது கல்லூரி. அந்தப் பொடியை வாங்கியவர்களுக்குத் தண்டனையா?

மாலையில் பெண் மருத்துவர் ஒருவரை வரச்செய்யுங்கள். அவரிடம் சொல்வது வீட்டுக்குப் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் எங்கள் பெயர்ப் பட்டியலை இன்றே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி, பெண்கள் விடுதி