தோட்டா துளைத்த சட்டை

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் கட்டேட்டே மாளிகைக்குப் போகிறவர்கள், நேராக மேல்தளத்துப் படுக்கையறையைத்தான் தேடுகிறார்கள். ஒரு கட்டில், சில மரச் சாமான்கள். அதிபர் தூங்கிய அறை என்றால் நம்புவது கடினம். ஜெதுலியோ வர்காஸ் 1954 ஆகஸ்ட் 24 காலையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டது இங்கேதான். அன்று அவர் அணிந்திருந்த கோடு போட்ட இரவுச் சட்டை இன்றும் காட்சியில் இருக்கிறது. மார்புப் பையில் பெயரின் முதலெழுத்துகள். அங்கேயே தோட்டா போட்ட ஓட்டை.

பார்ப்பவர் மனம் இளகத்தான் செய்யும். சிக்கலும் அதுதான்.

மாளிகையைக் கட்டியவர் காப்பித் தோட்ட முதலாளியான ஒரு பிரபு. அடிமைகளின் உழைப்பில் சேர்ந்த பணம் அது. 1897இல் அதிபர்களின் இருப்பிடமானது. 1960 ஏப்ரலில் தலைநகரம் பிரசிலியாவுக்குப் போனதும், அதே ஆண்டு நவம்பர் 15 அன்று, குடியரசு நாளில், அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காவலர்கள் மறித்து நின்ற தோட்டத்தில் இன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள்.

ஆனால் வர்காஸின் முழுக் கதை இந்த வீட்டுக்குள் அடங்காது. 1937இல் நாடாளுமன்றத்தைக் கலைத்து, கட்சிகளைத் தடை செய்து, பத்திரிகைகளின் வாயை அடைத்து எட்டாண்டு சர்வாதிகாரம் நடத்தியவர் அவர். அந்த ஆண்டுகளில் அவர் குடும்பத்தோடு வாழ்ந்தது குவானபாரா மாளிகையில். அது இன்று ரியோ மாநில அரசின் தலைமையகம். தேர்தலில் வென்று 1951இல் மீண்டும் வந்த பிறகுதான் கட்டேட்டேயில் குடியேறினார். ஆக, சர்வாதிகாரி வாழ்ந்த வீடு அரசு அலுவலகமாகிவிட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் துயரத்தோடு இறந்த வீடுதான் அருங்காட்சியகமாயிற்று. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் வர்காஸுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

குறைந்தபட்சக் கூலியும் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அவர் தந்தவை. பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனமும் அவர் காலத்தில் பிறந்ததே. ஏழைகள் அவருக்காக அழுததில் பொய்யில்லை. அதே வர்காஸின் அரசுதான் 1936இல், கம்யூனிஸ்ட் தலைவர் பிரெஸ்டெஸின் மனைவி ஒல்கா பெனாரியோவை, யூதப் பெண், அதுவும் கர்ப்பிணி என்று தெரிந்தே, கப்பலேற்றி ஹிட்லரின் ஜெர்மனிக்கு அனுப்பியது. சிறையில் குழந்தை பெற்ற அவரை 1942இல் நச்சுவாயு அறையில் கொன்றார்கள்.

சட்டையை எடுத்துவிடச் சொல்வது அபத்தம். அது இருக்கட்டும். ஆனால் ஒல்காவின் கதை கீழ்த்தளத்து ஏதோ ஒரு பலகையில் ஒதுங்கிக் கிடந்தால் போதாது. படுக்கையறை வாசலிலேயே, உள்ளே நுழைகிறவர் படிக்காமல் கடக்க முடியாத இடத்தில், அவர் படமும் நாடுகடத்திய உத்தரவின் நகலும் இருக்க வேண்டும்.